வண்டியின் உயரம்: தென்காசி வட்டாரத்தில் வில்பட்டையின் வரலாறு

தாமிரபரணிச் சமவெளியைக் கொல்லம் துறைமுகத்தோடு இணைத்த பழைய வணிகப் பாதை, திருநெல்வேலியிலிருந்து மேற்கே ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசியை அடைந்து, செங்கோட்டையைத் தாண்டிப் புளியரையில் மலையேறி, ஆரியங்காவுக் கணவாய் வழியே புனலூருக்கு இறங்குகிறது. இப்பாதையின் வரலாறு எழுதப்படும்போது மாடும் ரயிலும் மோட்டாரும் இடம்பெறுகின்றன. சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே இருந்து, அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு, வண்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதை முடிவுசெய்த வளைந்த எஃகுப் பட்டைகள் அரிதாகவே பேசப்படுகின்றன. பழைய கார் ஒன்றின் பட்டைகளைக் கழற்றி, வளைவைக் குறைத்து, காரைத் தரைக்கு நெருக்கமாகத் தாழ்த்துவது இன்று பழைய வண்டிகளைப் பேணுவோர் வீட்டு முற்றத்திலேயே செய்துபார்க்கும் வேலையாக அறியப்படுகிறது. அவ்வேலைக்கு வேண்டிய கைத்திறன் தென்காசி வட்டாரப் பட்டறைகளுக்குப் புதியதன்று. ஆனால் இங்கே அது பெரும்பாலும் எதிர்த்திசையில், அதாவது வண்டியை உயர்த்தி நிறுத்துவதற்கே, பயன்பட்டது. அதற்குச் சாலையும் சுமையும் முதற்காரணங்கள் என்றாலும், உயரத்தோடு ஒட்டியிருந்த சமூக மதிப்பையும் ஒதுக்கிவிட்டு இவ்வரலாற்றைப் புரிந்துகொள்ள இயலாது.

பட்டைக்கட்டின் அமைப்பு

வில்பட்டை என்பது நீண்டு தட்டையான எஃகுத் தகடுகளை நீளவாரியாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, நடுவில் ஓர் ஆணியால் இறுக்கிய வில் வடிவக் கட்டாகும். பட்டறைப் பேச்சில் தனித்தகடு ‘பட்டை’ என்றும், எல்லாவற்றிலும் நீளமான தகடு ‘மெயின் பட்டை’ என்றும், நடுவில் ஊடுருவும் ஆணி ‘சென்டர் போல்ட்’ என்றும், கட்டை அச்சோடு சேர்த்துப் பிணைக்கும் வளைந்த ஆணிகள் ‘யூ போல்ட்’ என்றும் வழங்குகின்றன. மெயின் பட்டையின் இரு முனைகளும் சுருட்டி வளையமாக்கப்பட்டிருக்கும். ‘கண்’ எனப்படும் இவ்வளையங்களில் ஒன்று வண்டிச் சட்டத்தோடு நேராகவும், மற்றொன்று ‘ஷேக்கிள்’ எனப்படும் ஆடும் இணைப்பு வழியாகவும் பொருத்தப்படுகிறது, ஏனெனில் சுமை ஏறி வளைவு நிமிரும்போது இரு கண்களுக்கும் இடையிலுள்ள தொலைவு கூடுவதால் ஒரு முனைக்கேனும் நகர இடம் வேண்டியிருக்கிறது.

வில்லின் நீட்சியும் அதன்மேல் செலுத்தப்படும் விசையும் ஒன்றுக்கொன்று நேர்விகிதத்தில் இருக்கும் என்னும் விதியை ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். பட்டைக்கட்டுக்கு இவ்விதியைப் பொருத்திப் பார்க்கும்போது கிடைக்கும் கணக்கு எளிதானதே: கட்டின் விறைப்பு பட்டைகளின் எண்ணிக்கைக்கும் அகலத்துக்கும் நேர்விகிதத்தில் கூடுகிறது, தடிப்பின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது, நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. எனவே ஒரு பட்டையின் தடிப்பை இரட்டித்தால் அது எட்டு மடங்கு விறைப்பாகிவிடும். சம தடிப்புள்ள ஏழு பட்டைகளில் ஒன்றை எடுத்துவிட்டால் விறைப்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறையும். ஆனால் வண்டி நிற்கும் உயரம் விறைப்பால் மட்டும் அமைவதில்லை. சுமையில்லாத நிலையில் பட்டை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதும் அதைத் தீர்மானிக்கிறது. இவ்வளைவைப் பட்டறையார் ‘கேம்பர்’ என்பர். விறைப்பும் வளைவும் வெவ்வேறு என்பதையும், ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை மாற்றலாம் என்பதையும் அறிந்திருப்பதே இத்தொழிலின் அடிப்படை.

பல தகடுகளாக அடுக்குவதற்கும் காரணம் உண்டு. ஒரே தடித்த தகடு அதே சுமையைத் தாங்கக்கூடும் என்றாலும் அது வளைந்துகொடுக்காது, மீறி வளைந்தால் முறியும். மெல்லிய பட்டைகளின் அடுக்கோ ஒவ்வொன்றும் சிறிதளவே விசையை ஏற்று ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கிறது. அவ்வாறு நகரும்போது எழும் உராய்வு, ஒருமுறை குதித்த வண்டி மீண்டும் மீண்டும் துள்ளாதபடி அடக்கவும் செய்கிறது. அதிர்வடக்கிகள் பரவலாவதற்கு முந்தைய வண்டிகள் அவ்வுராய்வையே நம்பியிருந்தன.

வில்வண்டியும் பாரவண்டியும்

ஐரோப்பியப் பயண வண்டிகளில் உடலைத் தோல்வார்களில் தொங்கவிடும் முறை நெடுங்காலம் நிலவியது. லண்டனைச் சேர்ந்த ஒபடையா எலியட் 1804-இல், இரு பட்டைக்கட்டுகளை எதிரெதிராகச் சேர்த்து நீள்வட்டமாக்கி, அவற்றை அச்சுக்கும் உடலுக்கும் நடுவே நேராகப் பொருத்தும் முறையைக் கொண்டுவந்தபின், வண்டிக்கு அடியில் முன்னச்சையும் பின்னச்சையும் இணைத்த கனத்த உத்திரத்துக்குத் தேவையில்லாமல் போனது. வண்டிகள் எடை குறைந்தன, உயரமும் குறைந்தன. சென்னையில் 1840-இல் தொடங்கப்பட்ட சிம்சன் நிறுவனம் போன்ற வண்டி கட்டும் தொழிலகங்கள் வழியாக வில்பட்டை தென்னிந்தியக் குதிரை வண்டிகளில் இடம்பெற்றது. அங்கிருந்து அது மாட்டுவண்டிக்கு இறங்கியதன் விளைவே வில்வண்டி.

தென்பாண்டி நாட்டில் வழங்கிய மாட்டுவண்டிகளைப் பாரவண்டி, வில்வண்டி என இருவகையாகப் பிரிக்கலாம். நெல்லும் வைக்கோலும் எருவும் ஏற்றிய பாரவண்டியில் வில் இல்லை. அச்சின்மேல் மரச்சட்டம் நேராக அமர்ந்திருக்க, மேடுபள்ளத்தைச் சமாளிக்கும் பொறுப்பு ஆளுயரத்தை நெருங்கும் பெரிய சக்கரங்களிடம் விடப்பட்டது. குடம், ஆரக்கால், வட்டை ஆகிய மரப்பகுதிகளைத் தச்சர் இணைத்தபின், கொல்லர் இரும்புப் பட்டாவை வட்டமாக்கி நெருப்பில் காயவைத்துச் சக்கரத்தின்மேல் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார். சுருங்கும் இரும்பு மரத்தை நெரித்து இறுக்கிக்கொள்ளும். வில்வண்டியிலோ அச்சின் இரு பக்கமும் பட்டைக்கட்டுகள் அமைந்து, அவற்றின்மேல் கூண்டோடு கூடிய பெட்டி ஏறியது. ஆகவே வில்வண்டி தச்சரும் கொல்லரும் சேர்ந்து செய்த பொருளாயினும், அதன் தரத்தைக் கொல்லரின் பட்டையே நிர்ணயித்தது.

இவ்வண்டி மிராசுதார், ஜமீன் குடும்பத்தார், வக்கீல்கள், வணிகர்கள் ஆகியோரின் வாகனமாக இருந்தது. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியில் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டுவித்த பாலம் 1843-இல் திறக்கப்பட்டதிலிருந்து, வெள்ளக்காலத்திலும் வண்டிகள் ஆற்றைக் கடக்க முடிந்தது. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்து சாரலைக் கொண்டுவரும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் குற்றாலத்துக்குச் சென்ற வசதியுள்ளோர், ரயில் வருமுன் ஏறத்தாழ ஐம்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவை வண்டியிலேயே கடக்க வேண்டியிருந்தது. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வரை 1903-இலும், அங்கிருந்து மலையூடே புனலூர் வழியாகக் கொல்லம் வரை 1904-இலும் மீட்டர்கேஜ் பாதை திறக்கப்பட்ட பின்னர், நெடும்பயணம் ரயிலுக்குப் போனது. தென்காசி நிலையத்திலிருந்து அருவிக்கரை வரையிலான குறும்பயணம் வண்டிக்கு எஞ்சியது. அந்த ரயிலின் சரக்குப் பெட்டிகளுக்கு அடியிலும் பட்டைக்கட்டுகளே இருந்தன என்பதால், கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தைக் கடந்த சரக்கும் வண்டிப்பாதையில் சென்ற பயணியும் ஒரே தொழில்நுட்பத்தின்மீதுதான் அமர்ந்திருந்தனர்.

வில்வண்டியின் உயரம் வசதியை மட்டும் குறிக்கவில்லை. செங்கோட்டை வட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு, பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடு, சேர்ந்திருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியார் பொதுச்சாலையில் நடப்பதற்கே தடை நிலவிய அந்தச் சமஸ்தானத்தில், 1893-இல் அய்யன்காளி இரு காளைகள் பூட்டிய வில்வண்டியில் ஏறி, வெங்ஙானூர்ப் பகுதியின் பொதுச்சாலையில் சென்றார். கேரள வரலாற்றில் வில்லுவண்டிப் பயணம் எனப் பெயர்பெற்ற அந்நிகழ்ச்சியில் அவர் பாரவண்டியை விட்டு வில்வண்டியைத் தேர்ந்தது தற்செயலன்று. சாலையில் செல்லும் உரிமையோடு, உயர்ந்து அமர்ந்து செல்லும் மதிப்பும் யாருக்கு உண்டு என்ற வழக்கையே அவர் உடைத்தார். வண்டியின் உயரம் என்பது எஃகின் வளைவால் அமையும் அளவு மட்டுமே என்று கருதுவோர் இந்தப் பின்னணியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மோட்டாரின் வருகை

மோட்டார் வண்டி தென்னாட்டுக்கு வந்தபோது அதன் இயந்திரம் புதியதாக இருந்ததே தவிர, அடிப்பகுதி கொல்லர்களுக்கு அந்நியமாக இல்லை. 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி காரில் முன்னச்சுக்கு ஒன்றும் பின்னச்சுக்கு ஒன்றுமாகக் குறுக்குவாட்டில் பொருத்திய இரண்டே பட்டைக்கட்டுகள் இருந்தன. அக்கார் அக்காலத்துக்கு அரிதான வனேடியம் கலந்த எஃகால் ஆனது. அதனால் அதன் பகுதிகள் எடை குறைந்தும் முறியாமலும் இருந்தன. பிற நிறுவனங்கள் பெரும்பாலும் அச்சின் இரு பக்கத்திலும் நீளவாட்டில் அமைந்த அரைநீள்வட்டக் கட்டுகளைப் பயன்படுத்தின. லாரியும் பேருந்தும் அந்த வழியையே பின்பற்றின.

திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், மதுரையில் 1912-இல் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கினார். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் தொழிற்சாலை அமைத்துப் பாகங்களை இறக்கி இணைக்கத் தொடங்கியதால் செவ்ரோலெட் வண்டிகள் எளிதில் கிடைத்தன. இவ்வாறு வந்தது பெரும்பாலும் இயந்திரமும் சட்டமும் மட்டுமே. மரத்தாலான உடலை உள்ளூரில் கட்டி ஏற்றினர். உள்ளூர் உடலின் எடையும், உச்சியில் ஏறிய மூட்டைகளின் எடையும், தயாரிப்பாளர் எண்ணிய அளவை மீறும்போது பட்டைகள் தாழ்ந்தன. இரண்டாம் உலகப் போரின் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியை எரித்து வாயு உண்டாக்கும் கலன்களைப் பேருந்துகளில் மாட்டி ஓட்டினர். சுந்தரம் ஐயங்காரின் நிறுவனமும் அத்தகைய கலன்களைத் தயாரித்தது. பின்புறத்தில் கூடிய அந்தப் பாரத்தையும் பட்டைகளே சுமந்தன.

விடுதலைக்குப் பின் வந்த வாகனங்கள் பட்டையின் ஆட்சியை நீட்டித்தன. 1947-இல் மகிந்திரா நிறுவனம் இணைக்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்புக்கு நான்கு சக்கரங்களிலும் பட்டைக்கட்டு உண்டு. மலையடிவாரத் தோட்டங்களுக்கு அது ஏற்ற வண்டியாக அமைந்தது. 1954 முதல் டாட்டா-மெர்சிடிஸ் லாரிகளும், எண்ணூரிலிருந்து லேலண்ட் லாரிகளும் வந்தன. 1950களின் பிற்பாதியில் வந்த அம்பாசிடர் காரில் முன்புறம் முறுக்குத்தண்டும் பின்புறம் பட்டையும், பின்னாளில் பத்மினி எனப் பெயர்பெற்ற ஃபியட் காரில் முன்புறம் சுருள்வில்லும் பின்புறம் பட்டையும் இருந்தன. சென்னையில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் பின்புறத்தில் மாடல் டி காரைப் போலவே குறுக்குப்பட்டை அமைந்திருந்தது. 1983-இல் வந்த முதல் மாருதி 800-உம் பின்புறத்தில் பட்டையோடுதான் வந்தது. 1986-இல் மறுவடிவம் பெற்றபோதுதான் அங்கே சுருள்வில் ஏறியது.

உயர்த்தும் தொழில்

தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்துக்குச் செல்லும் சாலை, 1956-இன் மாநிலப் பிரிவினைக்குப் பின் எல்லைச் சாலையாக மாறியது. பாவூர்சத்திரம், சுரண்டை ஆகிய சந்தைகளின் காய்கறியும், சிமெண்டும், கல்லும் மேற்கே போயின. மரத்தடிகள் கிழக்கே வந்தன. சமவெளியில் ஓடும்போது சுமையை ஒருவாறு தாங்கும் லாரி, புளியரையை அடுத்த எஸ் வளைவில் திரும்பி ஏறும்போது வெளிப்பக்கப் பட்டைக்கட்டின்மேல் சாய்கிறது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது முன்பட்டைகளின்மேல் பாரம் குவிகிறது. சாரல் காலத்து ஈரம் பட்டைகளின் இடுக்கில் துருவேற்றுகிறது. துருவேறிய இடத்தில் தோன்றும் நுண்குழி நாளடைவில் விரிசலாகி, பெரும்பாலும் சென்டர் போல்ட்டுக்காகத் துளையிட்ட நடுப்பகுதியிலேயே பட்டை முறிகிறது. இக்காரணங்களால் லாரி ஓடும் சாலையோரங்களில், உலையும் துருத்தியும் பட்டடைக்கல்லும் கொண்ட பட்டை வேலைப் பட்டறை தனித்தொழிலாக வளர்ந்தது.

இப்பட்டறைக்கு வரும் வேலைகள் மூன்று. முறிந்த பட்டையை மாற்றுவது முதலாவது. நாட்பட உழைத்துத் தட்டையாகிப்போன பட்டைக்கு வளைவேற்றுவது இரண்டாவது. கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் முன்பிருந்த வளைவுக்குச் சம்மட்டியால் அடித்துத் திருப்பும் இவ்வேலையில், மேலுள்ள நீண்ட பட்டையைவிடக் கீழுள்ள குட்டைப் பட்டைக்குச் சற்றே கூடுதல் வளைவு கொடுக்கப்படுகிறது, ஏனெனில் அப்போதுதான் சென்டர் போல்ட்டை முறுக்கும்போது பட்டைகள் ஒன்றையொன்று கடித்து உட்காரும். சுமை கூடுதலாக ஏற்றும் உரிமையாளருக்காகக் கட்டில் கூடுதல் பட்டை செருகுவது மூன்றாவது. இரண்டாவது வேலையில் வளைவு மட்டுமே மாறுகிறது, விறைப்பு மாறுவதில்லை. மூன்றாவதில் இரண்டுமே கூடுகின்றன. அதனால்தான் கூடுதல் பட்டை போட்ட லாரி வெறுமையாக ஓடும்போது உதறி எறிவதும், நிறைசுமையில் அமைதியாகச் செல்வதும் காணப்படுகின்றன.

பட்டையின் எஃகு நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்றுக் கூடுதலான கரியும், சிலிக்கன், மாங்கனீசு அல்லது குரோமியம் ஆகியவற்றில் சிலவும் கலந்தது. தொழிற்சாலையில் அதைச் செஞ்சூடான நிலைக்குக் காயவைத்து, வளைத்து, எண்ணெயில் அமிழ்த்திக் கெட்டியாக்கி, மீண்டும் ஐந்நூறு டிகிரி செல்சியஸை ஒட்டிய மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்துகின்றனர். கொல்லர் மொழியில் ‘தோய்ச்சல்’ எனப்படும் இந்நுட்பம் அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் வழிவழியாகச் செய்யப்பட்டதே. தோய்ச்சல் கூடினால் பட்டை கண்ணாடிபோல் உடையும், குறைந்தால் சுமையேறியதும் நிமிர்ந்து அப்படியே நின்றுவிடும். வெப்பமானி இல்லாத பட்டறையில் இரும்பின் நிறமே அளவுகோலாக இருந்தது. உலைக்களத்தை நிழலில் அமைப்பதும் அந்நிறம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவே.

முறிந்த பட்டைக்கும் மதிப்பு இருந்தது. லாரிப் பட்டையில் அடித்த அரிவாள் கூர் மழுங்காது என்ற நம்பிக்கை தமிழகத்தின் தென்மாவட்டங்களில் பரவலாக உண்டு. எஃகின் கரி அளவை வைத்துப் பார்க்கும்போது அந்நம்பிக்கை சரியானதே. வண்டியின் சுமையைத் தாங்கி ஓய்ந்த எஃகு, வெட்டரிவாளாகவும் தேங்காய் உரிக்கும் பாரையாகவும் கோடரியாகவும் வயலுக்கும் தோப்புக்கும் திரும்பியது. பழைய இரும்பு வணிகமும் கொல்லர் தொழிலும் பட்டை வேலையும் ஒன்றையொன்று தாங்கிநின்றதற்கு இச்சுழற்சி முக்கியமான காரணம்.

தாழ்த்தும் தொழில்

காரைத் தாழ்த்தும் வழக்கம் வளர்ந்த இடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா. 1940களில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் இளைஞர்கள், மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டு, செவ்ரோலெட் கார்களை இருவேறு நோக்கங்களோடு தாழ்த்தினர். வறண்ட ஏரிப்படுகைகளில் வேகப்பந்தயம் ஓட்டியோர் காற்றின் தடையையும் கவிழும் அபாயத்தையும் குறைக்கத் தாழ்த்தினர். மெக்சிக அமெரிக்க இளைஞர்களோ மெதுவாக ஊர்ந்து அழகைக் காட்டத் தாழ்த்தினர். சக்கர வளையத்தின் அடிவிளிம்புக்குக் கீழே காரின் எந்தப் பகுதியும் இறங்கக்கூடாது என்று அம்மாநிலம் 1958-இல் நடைமுறைப்படுத்திய சட்டம், வழக்கத்தின் பரவலையும் அது யாரைக் குறிவைத்தது என்பதையும் ஒருசேரக் காட்டுகிறது. வெங்ஙானூரில் ஒரு சமூகம் உயர்ந்து அமர்வதைப் பொறுக்காத அதிகாரம், கலிஃபோர்னியாவில் மற்றொரு சமூகம் தாழ்ந்து ஊர்வதைப் பொறுக்கவில்லை. இரண்டிலும் வண்டியின் உயரம் சாலை யாருடையது என்ற கேள்வியாகவே இருந்தது.

தாழ்த்தும் முறைகள் சிலவே. முதலாவது, ஒன்றிரண்டு பட்டைகளை எடுத்துவிடுதல். எளிதானதும் மோசமானதும் இதுவே, ஏனெனில் உயரத்தோடு விறைப்பும் குறைந்து, எஞ்சிய பட்டைகளின்மேல் விசை கூடி அவை விரைவில் முறிகின்றன. இரண்டாவது, அச்சுக்கும் கட்டுக்கும் இடையில் இரும்புக் கட்டை வைத்து நீளமான யூ போல்ட்டால் பிணைத்தல். கட்டு அச்சுக்குக் கீழே அமைந்த வண்டிகளில் மட்டுமே இது தாழ்த்தும், மேலே அமைந்தவற்றில் இதே கட்டை வண்டியை உயர்த்திவிடும். மூன்றாவது, மெயின் பட்டையின் கண்ணை மேல்நோக்கிச் சுருட்டுவதற்கு மாறாகக் கீழ்நோக்கிச் சுருட்டுதல். கண்ணின் விட்டத்தை ஒட்டிய அளவுக்கு உயரம் குறைகிறது, விறைப்பு மாறுவதில்லை. நான்காவது, எல்லாப் பட்டைகளின் வளைவையும் குறைத்தல். தென்காசிப் பட்டறையின் இரண்டாவது வேலையான வளைவேற்றலைத் தலைகீழாக்கியதே இது.

வளைவிறக்கும் வேலையை வீட்டில் செய்வோர் கடைப்பிடிக்கும் வரிசை பட்டறை வரிசையிலிருந்து அதிகம் வேறுபடுவதில்லை. வண்டியின் சட்டத்தை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, அச்சின் எடையைத் தனியே ஜாக்கியில் தாங்கியபின்னரே யூ போல்ட்டுகளும் கண்போல்ட்டுகளும் கழற்றப்பட வேண்டும். கழற்றிய கட்டில் சென்டர் போல்ட்டை எடுக்குமுன் இருபுறமும் இறுக்குப்பிடி போடாவிட்டால், கடித்து உட்கார்ந்திருந்த பட்டைகள் விசையோடு பிரிந்து கையைப் பதம்பார்க்கும். ஒவ்வொரு பட்டையின் பழைய வளைவையும் தரையில் சுண்ணக்கோடாக வரைந்துகொண்டு, வேண்டிய புதிய வளைவை அதனருகே வரைந்து, பட்டையை நீளவாட்டில் சிறுசிறு தொலைவு நகர்த்தி அழுத்தியோ அடித்தோ சூடேற்றாமலேயே நிமிர்த்துவது சிறந்த முறையாகும். வாயுச் சுடரால் ஓரிடத்தில் மட்டும் காய்ச்சி நிமிர்த்தினால் அவ்விடத்தின் பதம் போய்விடும்; பற்றவைத்த பட்டையும் அவ்வாறே நம்பத்தகாதது. பட்டை நிமிரும்போது கண்களின் தொலைவு கூடி ஷேக்கிளின் சாய்வு மாறுகிறது. அச்சு சட்டத்தில் இடிப்பதைத் தடுக்கும் ரப்பர்க் கட்டைக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. அதிர்வடக்கியின் நீளம் பொருந்தாமல் போகிறது. இவை மூன்றையும் சரிபார்க்காமல் தாழ்த்திய கார், வேகத்தடைகள் நிறைந்த தென்காசி-குற்றாலச் சாலையில் வெகுநாள் ஓடாது.

சட்டமும் சீரமைப்பும்

1988-இன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பு அத்தடையை உறுதிப்படுத்தியது. லாரிகளின் திசையிலோ, 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுப் பாரத்தின் வரம்பை உயர்த்தி, நான்கு டயர் கொண்ட தனியச்சுக்கு 10.2 டன்னாக இருந்ததை 11.5 டன்னாக்கியது. பட்டறைகள் கூடுதல் பட்டையால் ஈடுகட்டிவந்த தேவையின் ஒரு பகுதி இவ்வாறு சட்டத்துக்குள் வந்தது. நடுவில் தடித்தும் முனையில் மெலிந்தும் இயந்திரத்தால் உருட்டப்படும் ஓரிரு தகடுகளைக் கொண்ட பரவளையப் பட்டைகளும், பேருந்துகளில் காற்றுப் பைகளும் பரவியிருப்பதால், சம்மட்டியால் திருத்தக்கூடிய பட்டைக்கட்டு குறைந்துவருகிறது. அவ்வாறு உருட்டிய தகட்டின் மாறும் தடிப்பைப் பட்டடைக்கல்லில் மறுபடி உண்டாக்க முடியாது.

பழைய கார்களுக்கென 2021 ஜூலையில் வகுக்கப்பட்ட மத்திய விதிகள், வணிகத்துக்குப் பயன்படாத ஐம்பதாண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகளை விண்டேஜ் என வரையறுத்து, அவற்றின் சட்டமோ உடலோ இயந்திரமோ பெரிதாக மாற்றப்படாமல் மூல நிலையில் இருக்க வேண்டும் என்கின்றன. இங்கே மூல நிலை என்பது எது என்ற கேள்வி தென்காசி போன்ற ஊர்களில் கூர்மையடைகிறது. மலையடிவாரத்தில் ஐம்பதாண்டு உழைத்த ஜீப்பின் கட்டில் தொழிற்சாலைப் பட்டைகளோடு உள்ளூர்க் கொல்லர் செருகிய பட்டையும் இருக்கக்கூடும். அம்பாசிடர் ஒன்றின் பின்புறம் கையேடு சொல்வதைவிட உயர்ந்து நிற்கக்கூடும். கையேட்டின்படி உயரத்தைக் குறைப்பவர் தொழிற்சாலையின் மூல நிலையை மீட்கிறார், அதே நேரத்தில் அவ்வண்டி உண்மையில் ஓடிய நிலையை அழிக்கிறார். அழகுக்காக அதற்கும் கீழே தாழ்த்துபவரோ இரண்டையுமே இழக்கிறார்.

கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது பின்வந்த சேர்ப்புகளையும் பதிவுசெய்த பின்னரே நீக்கவேண்டும் என்ற நெறி தொல்பொருள் துறையில் நிலைபெற்றிருக்கிறது. வண்டிச் சீரமைப்பில் அது இன்னும் வேரூன்றவில்லை. பட்டைகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் நீளம், அகலம், தடிப்பு, சுமையில்லா வளைவு, சம்மட்டித் தழும்புகள், வெவ்வேறு காலத்து எஃகின் அடையாளங்கள் ஆகியவற்றைக் குறித்துவைத்தல் ஒருநாள் வேலையே ஆகும். கழற்றிய பட்டைகளை அரிவாளுக்குக் கொடுக்காமல் வண்டியோடு பாதுகாத்தால் பழைய உயரத்துக்கு எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். வளைவேற்றவும் இறக்கவும் அறிந்த கொல்லர்கள் இன்னும் உலைக்களத்தில் இருக்கும்போதே அப்பதிவை அவர்களை வைத்துச் செய்துகொள்வது, காரின் உரிமையாளருக்கு மட்டுமன்றி, எழுத்தில் ஏறாத இத்தொழிலின் வரலாற்றுக்கும் பயன்படும்.